சுத்தியல் பிடியில் ஒரு விரிசல்

மார்ச் 6

பாப்பாவின் அம்மாவுக்கு,

போன் நம்பரை மாற்றிவிட்டாய். உன் அண்ணன் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறான். அதனால்தான் பேனா. பள்ளிக்கூடத்தோடு விட்ட வேலை இது. பிழை இருந்தால் அண்ணனும் தங்கையுமாக உட்கார்ந்து சிரித்துக்கொள்ளுங்கள்.

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டவள், அதை நான் உடைத்தேன் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாய். எழுதிக்கொள். அதை என் வக்கீல் பார்த்துக்கொள்வார். வழக்கைப் பற்றி உனக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. நான் கேட்பது என் பெட்டியை.

துணிமணியை எடுத்துப் போனாய், சரி. பாப்பாவைத் தூக்கிப் போனாய், அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. என் சாமான் பெட்டியை எதற்கு எடுத்தாய்? நீ மரம் அறுக்கப் போகிறாயா? இழைப்புளி இரண்டு, உளி எட்டு, ரம்பம் மூன்று, கொறடு, மூலைமட்டம், அரம், சுத்தியல். மொத்தம் பதினேழு. பட்டறையில் இரவல் சாமானை வைத்து வேலை செய்கிறேன், எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அவை எல்லாம் நீ இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே வந்தவை. ஞாபகம் இருக்கட்டும்.

வேன் ஓட்டுகிற உன் அண்ணனிடமே கொடுத்தனுப்பு. ஓட்டுகிற கை இரண்டும் அவனுக்கு முழுசாக வேண்டும் என்றால் சீக்கிரம் கொடுத்தனுப்பு.

மார்ச் 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை எழுத ஒரு காலைப் பொழுது ஆகிறது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெட்டியை நான் தூக்கவில்லை. தூக்க என்னிடம் கை ஏது? அண்ணன் என் துணிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். பட்டறை மூலையில் பெட்டி இருந்தது. "அதையும் ஏத்துங்கண்ணா" என்றேன். "அது எதுக்கும்மா நமக்கு?" என்றார். "இருக்கட்டும், ஏத்துங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

இங்கே வந்ததும் தெரிந்துவிட்டது. கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து மூடியைத் திறந்துவிடச் சொன்னேன். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பதினொரு நாள் விடாமல் பெய்தது. கையில் மாவுக்கட்டோடு சமையலறை ஜன்னலில் நின்று தினமும் பார்த்தேன். முதல் வாரம் மஞ்சளாக இருந்தது, பிறகு செங்கல் நிறம், இப்போது உளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக எதையும் பார்த்ததில்லை.

பெட்டி வேண்டுமா? அதில் இருப்பது இப்போது சாமான் இல்லை, வெறும் துரு.

மார்ச் 18

அடியே,

நீ மனுஷிதானா? இரும்பு உனக்கு என்ன செய்தது? என் மேல் கோபம் என்றால் என் சட்டையை எரி, என் போட்டோவைக் கிழி. சாமானை மழையில் போடுவாளா ஒருத்தி? கடிதத்தைப் படித்ததும் பட்டறையில் கையில் இருந்த கட்டையை எடுத்து அலமாரிக் கண்ணாடியில் போட்டேன். என் அம்மா ஓடி வந்து நின்றாள். அவளையும் திட்டினேன்.

சொல்வதைக் கவனமாகக் கேள். இன்றைக்கே பெட்டியை உள்ளே எடு. மரப்பிடி உள்ளதைத் தனியாக வை, பிடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது. இரும்பை மட்டும் வினிகரில் ஒரு நாள் ஊற வை. ஒரு நாள், ஒன்றரை நாளாக்கிவிடாதே, அரித்துவிடும். எடுத்துக் கம்பி பிரஷால் தேய். துரு சேறு மாதிரி வரும். அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடு, புளிப்பு நின்றுபோகும். உடனே துணியால் துடை, வெயிலில் காய வை, தையல் மெஷின் எண்ணெயைப் பூசு. உப்புத்தாள் கடைசியில்தான். சொன்னபடி செய்தால் முக்கால்வாசி பிழைக்கும்.

செய்யமாட்டாய், தெரியும். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். பெட்டி வாசலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டு வாசலில் கதவு இருக்காது.

ஏப்ரல் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள் நீங்கள். வாசல் கேட்டின் தாழ்ப்பாள் போய்விட்டது, முன்னறை ஜன்னலில் இரண்டு கண்ணாடி போய்விட்டது, அண்ணனின் முன்பல் ஒன்று போய்விட்டது. உங்கள் நெற்றியில் நாலு தையலாமே. அண்ணன் கையில் ஜாக்கி லீவர் இருந்ததை நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. இன்னும் நாலு தையல் போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

வருத்தம் பாப்பாவைப் பற்றித்தான். முதல் கண்ணாடி உடைந்ததுமே அவள் துணி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீங்கள் போன பிறகும் வெளியே வரவில்லை. இருட்டும்போதுதான் வந்தாள். "அப்பா சுத்தியல் கொண்டு வந்தாரா?" என்று கேட்டாள். ஐந்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வி அது.

இனி இந்தத் தெருவுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று இன்ஸ்பெக்டர் முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியும். ஆகவே நிம்மதியாக எழுதுகிறேன்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கை மடங்கமாட்டேன் என்கிறது. கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். அதை அமுக்கி அமுக்கி வெறுத்துப்போய், "வேற ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டேன். "தேய்க்கிற வேலை எதுவானாலும் செய்யுங்கம்மா, பிடிச்சுத் தேய்க்கணும், அவ்வளவுதான்" என்றார். வீட்டில் தேய்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். கொல்லையில் ஒரு பெட்டி நிறைய இருந்தது.

கொறடில் ஆரம்பித்தேன். நீங்கள் எழுதியபடி வினிகர், பிரஷ், சோடா. முதல் நாள் பத்துத் தேய்ப்புக்கு மேல் முடியவில்லை. வலியில் வாளியை எட்டி உதைத்தேன். எட்டாவது நாள் கொறடின் வாய் திறந்தது. அடியில் இரும்பு வெள்ளையாக இருந்தது. நன்றாகத்தான் சொல்லித்தந்திருக்கிறீர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அகலமான உளியின் நுனி மூலை உடைந்திருக்கிறது. உளியைப் போட்டு ஸ்க்ரூ முடுக்கினீர்களா? பெரிய தொழில்காரர் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 15

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் உளியால் ஸ்க்ரூ முடுக்குகிறவனா? நாக்கு கூசாமல் எழுதுகிறாய். அந்த மூலையை உடைத்தது உன் அருமை அண்ணன். பாப்பா பிறந்த வருஷம், வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தபோது, என்னைக் கேட்காமல் அந்த உளியை எடுத்துப் பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பினான். அன்றைக்கே அவன் பல்லைக் கழற்றியிருக்க வேண்டும். நீ பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாய், போகட்டும் என்று விட்டேன். ஐந்து வருஷம் லேட்டாகக் கழற்றியிருக்கிறேன்.

சின்ன இழைப்புளியின் அடியில் ஒரு கீறல் இருக்கும். அதையும் என் தலையில் கட்டிவிடாதே. பழைய பலகையில் எவனோ உள்ளே விட்டிருந்த ஆணி அது. ரம்பத்தில் கடைசிப் பல் இல்லாததற்குக் காரணம் பட்டறையில் ஒரு வாரம் வேலை செய்துவிட்டு ஓடிய ஒரு தடியன். கண்ணைக் கட்டிவிட்டுக் கேள், எந்தச் சாமானில் எந்தக் காயம் என்றைக்கு, யாரால் வந்தது என்று சொல்வேன். ஒன்றுகூட என் வேலைக் குறையால் வந்தது கிடையாது.

கொறடு வாய் திறந்தது என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு தடவை படித்தேன். உனக்குக் கை வேலை வரும் என்று எனக்குத் தெரியும். நீ கல்யாணமான புதிதில் பட்டறைக்கு வந்து மரத்தூளில் கோலம் கிறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். பேசாமல் வந்துவிடு. நடந்தது நடந்துவிட்டது. நானும் கோபக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. யார் வீட்டில் கோபம் இல்லை?

வராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பாப்பாவை என்னிடம் ஒப்படைக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறேன். உன் வழக்கையும் அதையும் சேர்த்து ஆகஸ்ட் 20 அன்று விசாரிக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார். உன் வாயாலேயே சொன்னது.

ஜூலை 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். "குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்." கூறியது நான்தான். டாக்டர் கேட்டபோது உங்கள் அம்மா என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "சொல்லும்மா, எப்படி விழுந்தே?" என்றார். வாசலில் நீங்கள் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றீர்கள். சொன்னேன்.

எங்கள் வக்கீலம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சீட்டு உங்கள் பக்கம் பேசுகிறது, உங்கள் அம்மா உங்கள் பக்கம் பேசுகிறார், ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்ததைத் தவிர என் பக்கம் பேச ஒரு துண்டுச் சீட்டுக் கிடையாது. தன் வாயால் ஒன்று, தன் கையால் இன்னொன்று சொன்னவளிடம் பிள்ளையைக் கொடுப்பார்களா என்று அவரே கேட்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாப்பாவின் சின்னச் சட்டைகளை மடித்து வைத்தேன். எதற்கு மடிக்கிறேன் என்று நினைத்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

போகட்டும். எப்படியும் சாமான்கள் உங்களிடம்தான் வரப்போகின்றன. அரைகுறையாக அனுப்ப எனக்கும் மனமில்லை. தினமும் இரண்டு மணி நேரம் தேய்க்கிறேன். ஒரு உளியைப் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த பதற்றத்தில் மூன்று நாள் வினிகரிலேயே விட்டுவிட்டேன். கருத்து, குழி குழியாகப் போய்விட்டது. அது என் தப்பு, நான் மறைக்கவில்லை. மற்றவை நன்றாக வந்திருக்கின்றன. ரம்பத்தில் முகம் தெரியாவிட்டாலும் விரல் தெரிகிறது.

சுத்தியல்தான் பாக்கி. தலையில் துரு அதிகமில்லை. பிடியில் விரிசல் இருக்கிறது. தலைக்குக் கீழே கழுத்தில் தொடங்கி ஒரு சாண் நீளம் ஓடுகிறது. எங்கள் தெரு முனையில் இருக்கிற தச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதை யாரும்மா போட்டது? காயாத பச்சை மரம். ரேகை பார்க்காம அறுத்திருக்கான். சும்மா கிடந்தே பிளந்திருக்கு. இவனெல்லாம் தச்சன்னு சொல்லிக்கிட்டா நாங்க எங்க போறது?" என்றார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவரே வேறு பிடி போட்டுத் தருகிறாராம். போடச் சொல்லட்டுமா?

ஜூலை 8

அவனிடம் கொடுக்காதே. அந்தச் சுத்தியலை அவன் தொடக் கூடாது.

பச்சை மரமா? அந்தக் கட்டை மூன்று வருஷம் பட்டறைப் பரணில் காய்ந்தது. ரேகை ஓடுகிற பக்கம் பார்த்துப் பார்த்து நான் அறுத்தேன். கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கி, இரும்பு ஆப்பு அடித்து ஏற்றினேன். பன்னிரண்டு வருஷம் அதால் அடித்திருக்கிறேன், தலை ஒரு நூல்கூட ஆடியதில்லை. சும்மா கிடந்தே பிளந்ததாம். நான் போட்ட பிடி எதுவும் சும்மா கிடந்து பிளந்த சரித்திரம் கிடையாது.

எவனோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறான், நீயும் கேட்டுக்கொண்டு நிற்கிறாய். விரிசல் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாதா? அன்றைக்குச் சமையலறைக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றாய். பாப்பா உனக்குப் பின்னால். விடு என்றேன். விடவில்லை. உன் கையில் போட்டேன். அதில் சுத்தியலுக்கு ஒன்றுமே ஆகவில்லை, எலும்புக்கெல்லாம் நான் போட்ட பிடி விரியாது. இரண்டாம் தடவை ஓங்கினபோது நீ கையை இழுத்துக்கொண்டாய். அப்போதுதான் தலை நிலையைத் தாண்டிப் போய்ப் பிடியின் கழுத்து நிலையின் விளிம்பில் மோதியது. கழுத்தில் அப்படி வாங்கினால் எந்த மரமும் விரியும், எந்தக் கொம்பன் போட்ட பிடியும் விரியும். நிலையில் இன்னும் பள்ளம் இருக்கிறது. வலது பக்கம், தரையிலிருந்து நாலடி உயரத்தில். நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த மேதாவியைக் கூட்டி வந்து காட்டு.

பிடியை நானே மாற்றிக்கொள்வேன். நீ தலையை மட்டும் துடைத்து எண்ணெய் பூசி வை. பிடி நனையாமல் பார்த்துக்கொள். உளி ஒன்றைக் குழி விழ வைத்ததற்கு நேரில் பேசிக்கொள்கிறேன்.

அந்தத் தச்சன் யார்? பெயரென்ன, கடை எது, வீட்டு நம்பர் என்ன, எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. தெருவுக்குள் வரமாட்டேன் என்றுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தெரு முனை வரைக்கும் வரலாம். நான் தச்சனா இல்லையா என்று அவன் வாயிலேயே காட்டுகிறேன்.

ஆகஸ்ட் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கொல்லையில் ரம்பத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு பிரித்தேன். முதல் பக்கத்தின் ஓரத்தில் என் விரல் அடையாளம் இருக்கும். நீதிமன்றத்தில் காட்டும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று தடவை படித்தேன். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். உங்களுக்காக இல்லை. ஆறு மாதமாக விழுந்தாள் என்று உங்கள் அம்மா சொன்னார், வழுக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரிச் சீட்டுச் சொன்னது, ஆமாம் விழுந்தேன் என்று நானும் ஒரு தடவை சொன்னேன். போகப் போக எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. தரை ஈரமாக இருந்ததோ, நான்தான் எதையோ கலந்து நினைக்கிறேனோ என்று. சுத்தியலின் தலையைப் பார்ப்பேன், என் மணிக்கட்டைப் பார்ப்பேன். நடந்ததை நடந்தபடி எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். பிடிக்காக ஒரு கடிதம் முழுக்க எழுதினீர்கள். என் கைக்காக ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்கும்.

வக்கீலம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதை அவரேதான் எழுதினாரா? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்றார். "அவருடைய வேலையைக் குறை சொன்னா அவரால தாங்க முடியாதும்மா" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. எட்டு வருஷம் உங்களோடு இருந்திருந்தால் புரிந்திருக்கும். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக வாங்கிக்கொண்டார்.

போன வாரம் இன்ஸ்பெக்டர் உங்கள் வீட்டுக்கு டேப்போடு வந்தபோது நீங்கள் பட்டறையில் இருந்தீர்களாம். பள்ளம் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருக்கிறது. உயரம் மட்டும் நாலடி இல்லை, மூன்றடி பத்து அங்குலம். அளவில் பிசகமாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன்.

பாப்பா இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்த் துணியால் மூலைமட்டத்தைத் துடைக்கிறாள். அலமாரிக்குள் போவதை நிறுத்திவிட்டாள். அங்கே மறுபடி துணிகளை வைத்திருக்கிறேன்.

பதினாறு சாமான்களையும் துணியில் தனித்தனியாகச் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். அண்ணனின் சிநேகிதர் ஒருவர் வியாழக்கிழமை உங்கள் பட்டறையில் இறக்கிவிடுவார். எண்ணிப் பாருங்கள். குழி விழுந்த உளியைத் தவிர எதிலும் நீங்கள் குறை சொல்ல முடியாது. என் வலது கை ஒரு தம்ளரைப் பிடிக்கிறது, அதற்கு மேல் பிடிக்காது என்று சொல்லிவிட்டார்கள். எழுதுவது இனி இடது கைதான். பழகிவிட்டது.

பதினேழாவது சாமான் சாட்சிப் பொருளாகப் போய்விட்டது. அதை நான் வினிகரில் போடவே இல்லை. வந்த நாளிலிருந்து தனியாகப் பழைய துணியில் சுற்றி வைத்திருந்தேன், மழையில்கூட விடவில்லை. தலையில் இருக்கிற துரு நீங்கள் வைத்திருந்தபோதே வந்தது. பிடி நனையவில்லை, கவலைப்பட வேண்டாம்.

அந்தத் தச்சர் யார், வீட்டு நம்பர் என்ன என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் தெரு முனையில் ஒரு தையல் கடையும் ஒரு பால் பூத்தும் இருக்கின்றன. தச்சர் யாரும் கிடையாது.